பெயரும் பொருளும்: பிஸ்மத் மருந்துகளின் அமைப்பைக் குறித்து ஓர் எண்ணம்

பெயரொன்று செவியிற் பட்டவுடன், ‘இஃது இடுகுறிப் பெயரோ, காரணப் பெயரோ?’ என வினவுதல் தமிழிலக்கணம் பயிலும் மாணவர்க்கு இயல்பாய்விட்ட ஒரு பழக்கம். மரம் என்பது இடுகுறி. பறவை என்பது காரணம். இப்பழக்கத்தை இலக்கண வகுப்பின் வாயிலோடு விட்டுவிடாமல் வேறிடங்கட்கும் கொண்டு செல்லலாம் என்பதை யாம் அறிந்தது, சென்ற பருவத்தில் ஒரு நாள் மாலை விடுதித் தாழ்வாரத்தில் நிகழ்ந்த ஒரு வாதத்தினாலேயே ஆகும்.

இரசாயன வகுப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவர், தேர்வுக்கு ஆயத்தஞ் செய்வாராய், ‘பிஸ்மத் சப்சாலிஸிலேட்’ என்னும் மருந்தின் பெயரை உருப்போட்டுக் கொண்டிருந்தனர். அப்பெயர் இடுகுறியா, காரணமா என யாம் விளையாட்டாக வினவினோம். “காரணப் பெயரே. பிஸ்மத் என்னும் உலோகமும் சாலிஸிலிக் அமிலமும் கூடிப் பிறந்த உப்பு இது. ‘சப்’ என்னும் முன்னொட்டு, அமிலம் முழு அளவினும் குறைந்து நிற்பதைக் காட்டும்,” என்றனர். “அங்ஙனமாயின் அதன் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன?” என்று மேலும் கேட்டோம். நண்பர் நகைத்தனர். “அது 2022-ஆம் ஆண்டுவரை ஒருவர்க்கும் திட்டமாகத் தெரியாது. தெரியாமலே மக்கள் நூறாண்டுக்கு மேலாக இம்மருந்தை உண்டனர். வயிற்று நோயும் தணிந்தது. அமைப்பை அறிந்து ஆவதென்ன? அதிலும், தமிழ் படிக்கும் உமக்கு அதனால் ஆவதென்ன?” என்றனர்.

அன்று யாம் விடையிறுக்கவில்லை. விடையிறுக்க வேண்டுமாயின் பொருளை அறிய வேண்டும். பொருளையோ யாம் அறியோம். அதன்பின் நூல் நிலையத்திற் சில நாட் கழித்தும், அந்நண்பரையே ஆசிரியராகக் கொண்டும் தெரிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம். எமது கருத்து யாதெனின், பயன் கண்டவுடன் அறிவு முற்றிற்றென்று அமைதல் தவறு என்பதும், பெயரளவில் அறிந்ததைப் பொருளளவில் அறிந்ததாகக் கொள்ளுதல் அதனினும் பெருந் தவறு என்பதுமேயாம். இதற்குப் பிஸ்மத் கார்பாக்ஸிலேட்டுகளின் வரலாற்றினும் தெளிவான சான்றைக் காண்டலரிது.

பிஸ்மத் என்பது தனிமங்களின் வரிசையில் ஈயத்தை அடுத்து நிற்கும் உலோகம். அதன் அணு எண் 83. வெண்மையிற் சிறிது செம்மை கலந்த நிறத்தது. 271 பாகை சென்டிகிரேடில் உருகுவது. உருகியது உறையும்பொழுது தண்ணீரைப்போலப் பருமனிற் பெருகுவது. நெடுங்காலம் ஈயத்தோடும் வெள்ளீயத்தோடும் மயங்கிக் கிடந்த இதனை, ஈயத்தினின்றும் வேறென 1753-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் குளோத் பிரான்சுவா ஜோப்ரா என்பார் நிறுவினர். ஈயம், பாதரசம் முதலிய அண்டை வீட்டார் யாவரும் நஞ்சென்று அஞ்சப்பட, இஃதொன்று மட்டும் மருந்துப் பெட்டியில் இடம் பெற்றது வியக்கத்தக்கதே. அதன் உப்புக்கள் நீரில் அரிதாகவே கரைதலின், உண்டவற்றிற் பெரும்பகுதி குருதியிற் கலவாது குடல்வழியே கழிந்துவிடுகின்றது என்பர்.

இனிக் கார்பாக்ஸிலேட் என்பது யாது? காடியிலும், எலுமிச்சஞ் சாற்றிலும், நம் வீடுகளிற் குழந்தைகட்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயினின்று பெறப்படும் காலிக் அமிலத்திலும் பொதுவாக அமைந்தது கார்பாக்ஸில் என்னும் ஒரு சிறு தொகுதி. ஒரு கார்பன் அணு, இரண்டு பிராணவாயு அணுக்கள், ஓர் ஹைட்ரஜன் அணு ஆகிய நான்குமே அதன் உறுப்புக்கள். ஹைட்ரஜன் தன் எலெக்ட்ரானை விட்டு நீங்கியபின் எஞ்சி நிற்பது கார்பாக்ஸிலேட். அதன் இரண்டு பிராணவாயு அணுக்களும் இரண்டு கைகளை ஒப்பன. இரு கைகளாலும் ஓர் உலோக அணுவையே, நண்டு தன் கொடுக்கினாற் பற்றுமாறுபோல, அது பற்றலாம். அன்றி, ஒரு கையால் ஓரணுவையும் மற்றொரு கையால் அடுத்த அணுவையும் பற்றி இரண்டிற்கும் பாலமாகவும் அமையலாம். எவ்வுலோகத்தை எவ்வாறு பற்றும் என்பது பெயரைக் கேட்ட மாத்திரத்தில் விளங்குவதன்று. ஆராய்ந்தே காண வேண்டும்.

பிஸ்மத்தின் இயல்போ இவ்வாராய்ச்சியை மேலும் கடினமாக்குகின்றது. அதன் புறக்கூட்டில் ஐந்து எலெக்ட்ரான்கள் உள. இவ்வுப்புக்களில் அது மூன்றைக் கொடுத்துவிட்டு, இரண்டைத் தன்னிடமே வைத்துக் கொள்ளுகின்றது. கொடாது வைத்துக்கொண்ட அவ்விணை, பல சேர்க்கைகளில் அணுவின் ஒரு புறத்தே இடத்தை அடைத்துக்கொண்டு, மற்றையோரை அப்பக்கம் அணுகவொட்டாமல் தடுக்கும். ஆகவே, சிறிய உலோக அணுக்களைச் சுற்றி ஆறு பிராணவாயு அணுக்கள் ஒழுங்காக நிற்பதுபோலப் பிஸ்மத்தைச் சுற்றி நிற்பதில்லை. ஏழோ, எட்டோ, ஒன்பதோ அணுக்கள், சில அண்மையிலும் சில சேய்மையிலுமாகச் சூழ்ந்து நிற்கும். ஒழுங்கை முன்னரே ஊகித்து, ஊகித்ததையே காண விழைவார்க்கு இவ்வுலோகம் இணங்குவதன்று.

இவற்றை ஆக்கும் முறைகளுள் மூன்றை மட்டும் கூறுவோம்.

முதலாவது, நீரிற் செய்வது. பிஸ்மத் நைட்ரேட்டை நைட்ரிக் அமிலத்திற் கரைத்து, வேண்டிய அமிலத்தின் உப்பைச் சேர்த்துப் புளிப்பைக் குறைத்துக்கொண்டே வந்தால் வெள்ளிய படிவு உண்டாகும். ஆயின், நீர் வாளா இருப்பதன்று. பிஸ்மத் அணுக்கள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தமக்கிடையே இழுத்துக்கொண்டு கூட்டங் கூட்டமாகப் பிணைகின்றன. ஆறு பிஸ்மத் அணுக்கள் கூடிய கூட்டம் இவற்றுட் பலகாலும் காணப்படுவது. ‘மணி’யும் ‘அழகு’ம் புணருமிடத்து அழையாமலே யகரம் இடையில் வந்து நின்று ‘மணியழகு’ ஆவதுபோல, ஈண்டுப் பிராணவாயு உடம்படுமெய்யாய் வந்து நிற்கின்றது எனலாம். அமிலத்திற்கு உரிய இடத்தைப் பிராணவாயு கவர்ந்துகொள்ளுதலாலேயே அமிலம் குறைந்து, ‘சப்’ என்னும் முன்னொட்டு நேர்ந்தது.

இரண்டாவது, நீரை விலக்கிச் செய்வது. பிஸ்மத் அணுவோடு மூன்று பினைல் தொகுதிகள் சேர்ந்த டிரைபினைல் பிஸ்மத் என்னும் பொருளை எடுத்து, கார்பாக்ஸிலிக் அமிலத்தோடு சேர்த்துச் சூடேற்றுவர். பினைல் தொகுதிகள் அமிலத்தின் ஹைட்ரஜனைப் பெற்றுப் பென்ஸீனாய் அகல, அவை இருந்த இடத்திற் கார்பாக்ஸிலேட்டுகள் வந்து அமரும். நீரின் குறுக்கீடு இன்மையால், மூன்று கார்பாக்ஸிலேட்டுகள் கொண்ட முழு உப்பையும் இம்முறையிற் பெறலாம்.

மூன்றாவது, அரைத்துச் செய்வது. பிஸ்மத் ஆக்ஸைடையும் சாலிஸிலிக் அமிலத்தையும், சிறிதளவு நீர்மமும் சிறிதளவு வேறோர் உப்பும் கூட்டி, குண்டுகள் உருளும் கலத்தில் இட்டு ஆட்டினாற் சப்சாலிஸிலேட்டை நேரே பெறலாமென 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. சேர்க்கும் அளவை மாற்றுவதனால், ஒரு பிஸ்மத் அணுவிற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்னும் விகிதங்களிற் சாலிஸிலேட் அமைந்த மூவகை உப்புக்களையும் தனித்தனியே ஆக்கவும் இயன்றது. கல்வத்தில் மருந்தரைக்கும் சித்த மருத்துவரைக் கண்டு வளர்ந்த நமக்கு, அரைத்தலும் ஓர் இரசாயனச் செயலே என்பது புதுமையாகத் தோன்றாது. எவ்வளவு அரைத்தால் எப்பொருள் பிறக்கின்றது என அளந்து காட்டியதே அவ்வாராய்ச்சியின் புதுமை.

ஆக்கும் வழிகள் இங்ஙனம் பலவாயிருந்தும், அமைப்பைக் காணுதல் ஏன் அரிதாயிற்று? காரணம் படிகத்தின் சிறுமை. கறியுப்பின் அமைப்பை எக்ஸ் கதிர்களின் உதவியால் பிராக் என்னும் தந்தையும் மகனும் 1913-ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்தினர். ஆனால் அம்முறைக்கு ஓரளவேனும் பெரிய, குறையற்ற ஒற்றைப் படிகம் வேண்டும். பிஸ்மத் மருந்துகளோ, நீரிற் பிறந்தவுடனே கரைதலின்றி விரைந்து படிதலின், மிக நுண்ணிய துகள்களாகவே கிடைக்கின்றன. அவற்றுள்ளும் அடுக்குப் பிழைகள் மலிந்துள்ளன. ஆகவே கறியுப்பைப் பற்றி அறிந்த உலகம், இம்மருந்தைப் பற்றி அறிய மேலும் நூற்றொன்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அக்காத்திருப்பின் இடையில் நிகழ்ந்த ஒன்று எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார், பிஸ்மத் சாலிஸிலேட்டை அசிட்டோனிற் கரைத்து நல்ல படிகங்கள் பெற்றனர். அவற்றுள் 38 பிஸ்மத் அணுக்களும் 44 பிராணவாயு அணுக்களும் ஒரு கருவாய்த் திரண்டு, அதனைச் சாலிஸிலேட்டுகள் சூழ்ந்து நிற்கும் அழகிய அமைப்பைக் கண்டனர். மருந்தின் அமைப்பை நோக்கி அஃது ஒரு பெரிய அடி. ஆயினும் அசிட்டோனில் வளர்ந்த படிகம் வேறு, மருந்துக் கடையில் விற்கும் தூள் வேறு. ஆதலின் ஐயம் முற்றும் நீங்கிற்றில்லை. அழகியதொரு விடை கிடைத்தபின்னும், அது தாம் கேட்ட வினாவிற்கு உரிய விடைதானா என்று மீண்டும் கேட்ட அந்த நேர்மையன்றோ கல்வியின் உயிர்!

முடிவில் உதவியாய் வந்தவை எலெக்ட்ரான்கள். எக்ஸ் கதிரினும் மிக வலிமையாக எலெக்ட்ரான் கதிர் அணுக்களோடு ஊடாடுதலின், மிகச் சிறிய படிகமும் அதற்குப் போதும். படிகத்தைச் சிறிது சிறிதாகச் சாய்த்துக்கொண்டே, சிதறும் கதிர்களின் கோலங்களைப் பதிந்து, அவற்றை ஒருங்கு கூட்டி அணுக்களின் இருப்பிடங்களைக் கணித்தனர். இவ்வகையில், புண்ணுக்கும் குடல் நோய்க்கும் நூறாண்டுக்கு மேலாக வழங்கிவந்த பிஸ்மத் சப்காலேட்டின் அமைப்பு 2017-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கதிரினாற் படிகம் சிதையாதபடி அதனைக் குளிரச் செய்து ஆராய்ந்தனர். அது தனித்தனி மூலக்கூறுகளின் குவியலன்று. உலோகமும் அமிலமும் மாறி மாறிக் கைகோத்துச் செல்லும் முடிவற்ற வலைப்பின்னல். நீரிற் கரைய மறுப்பதற்கும், புளிப்பிற்கு எளிதில் நெகிழாமைக்கும் காரணம் அப்பின்னலிற் புலப்பட்டது. அதனுள்ளே வாயுக்கள் புகுந்து தங்குதற்கு இடமுண்டென்பதும் அதன்பின்னரே தெரியவந்தது. நூறாண்டு கையாண்ட பொருளின் இவ்வியல்பை ஒருவரும் ஐயுற்றதுமில்லை!

பின்னர் 2022-ஆம் ஆண்டில், ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சப்சாலிஸிலேட்டின் அமைப்பையும் வெளியிட்டனர். அஃது ஏடுகளை அடுக்கினாற்போன்ற அடுக்கமைப்பு. ஓர் ஏட்டிற்கும் அடுத்த ஏட்டிற்கும் உள்ள பிடிப்பு மெலிது; ஆதலின் அடுக்கும் முறை இடத்திற்கிடம் பிறழ்கின்றது. அப்பிறழ்ச்சியை எலெக்ட்ரான் நுண்பெருக்கியிற் கண்ணாரவே கண்டனர். முன்னையோரின் எக்ஸ் கதிர்க்கு இப்பொருள் பிடிகொடாமல் நின்றதற்குத் துகளின் சிறுமையோடு இப்பிறழ்ச்சியும் ஒரு காரணமென்பது தெளிவாயிற்று.

இப்பொழுது எம் நண்பரின் வினாவிற்கு வருவோம். அமைப்பை அறியாமலே நோய் தணிந்ததே என்றனர். தணிந்தது உண்மை. 1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டுப் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை வளர்த்துக் காட்டியபின், பிஸ்மத் உப்புக்கள் அக்கிருமிக்குப் பகையென்பதும் விளங்கிற்று; வேறு மருந்துகளோடு கூட்டி இன்றும் அவை அந்நோய்க்குக் கொடுக்கப்படுகின்றன. அவ்விருவர்க்கும் 2005-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. பயனை யாம் மறுக்கவில்லை.

ஆனால் பயனுக்கு மறுபுறமும் உண்டு. 1970-களில் பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும், பிஸ்மத் உப்புக்களை நெடுநாள் தொடர்ந்து உண்ட சிலர்க்கு மூளை தாக்குண்டது. நினைவு மயங்கிற்று, நடை தளர்ந்தது, உடல் நடுங்கிற்று, இறந்தவர்களும் உளர். மருந்தை நிறுத்தியவுடன் பெரும்பாலோர் தேறினர். அரசாங்கங்களும் விற்பனையைக் கட்டுப்படுத்தின. அக்காலத்து மருத்துவர் கையில் இருந்ததென்ன? நூறாண்டுப் பழக்கமும், ‘சப்நைட்ரேட்’, ‘சப்காலேட்’ என்னும் பெயர்களுமே. அப்பொருள்களின் உள்ளமைப்பு அன்று தெரிந்திருந்தால் அத்தீங்கு நேர்ந்திராது என யாம் சொல்லத் துணியோம்; அங்ஙனம் சொல்லுதற்குச் சான்றில்லை. ஆயினும், ‘நெடுநாள் வழங்கியது, ஆகவே நன்கறிந்தது’ என்னும் நம்பிக்கை எத்துணை மெலிந்த கயிறு என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று என்பதில் ஐயமில்லை.

நண்பர் இன்னுமொரு தடை எழுப்பினர். அது வலிய தடை. “வயிற்றிலுள்ள அமிலம் பட்டவுடன் சப்சாலிஸிலேட் சிதைந்து, பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடும் சாலிஸிலிக் அமிலமுமாக மாறிவிடுகின்றது. உண்டவுடன் அழியும் கட்டடத்திற்குப் படம் எதற்கு?” என்றனர். நன்று. ஆனால் ஒரு கட்டடம் எவ்வாறு இடிந்து வீழும், எப்பகுதி முன் வீழும், எவ்வளவு விரைவில் வீழும் என்பவற்றை அதன் கட்டுமானம் அறிந்தாரன்றோ ஆராயத் தொடங்கலாம்? அமைப்பை அறிதலே முடிவென யாம் கூறவில்லை. அது தொடக்கம், நூறாண்டு பிந்திவந்த தொடக்கம்.

இனி, ‘தமிழ் படிக்கும் உமக்கு என்ன?’ என்னும் வினா எஞ்சியுள்ளது. இடுகுறி, காரணம் என்னும் இரண்டனோடு, காரண இடுகுறி என்னும் ஒன்றையும் நம் இலக்கண நூலார் வகுத்தனர். பிஸ்மத் சப்சாலிஸிலேட் என்பது தோற்றத்திற் காரணப் பெயர். இன்னதும் இன்னதும் சேர்ந்தது, அமிலம் குறைந்தது என்னுமளவிற்குக் காரணமும் உண்மையே. அத்தூளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பத்தெட்டுப் பங்கு பிஸ்மத்தென்று கணக்கும் கூறலாம். ஆனால் அவை எவ்வாறு சேர்ந்துள்ளன என்பது பற்றி அப்பெயர் யாதும் கூறவில்லை. அவ்வளவிற்கு அது வெறுங் குறியே. இடுகுறியை இடுகுறியென்று அறிந்து வழங்குவதாற் கேடில்லை. அதனைக் காரணமென்று மயங்கி, விளக்கம் கிடைத்துவிட்டதாக எண்ணி உறங்குவதாலேயே கேடு விளைகின்றது.

இவ்வுறக்கம் மருந்துக் கடையில் மட்டும் உள்ளதன்று. எம் குற்றத்தை யாமே கூறிவிடுவோம். முதலாண்டுத் தேர்வில் ‘காரண இடுகுறி’க்கு இலக்கணம் கேட்கப்பட்டபொழுது, சூத்திரத்தையும் உரையையும் பிழையின்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். நூலிற் கண்ட எடுத்துக்காட்டை விடுத்து வேறொன்று காட்டுமாறு எவரேனும் கேட்டிருப்பின் வாய் திறவோம். நண்பரும் தம் வகுப்பில் வாய்பாட்டை எழுதி, அவ்வாய்பாட்டின் பொருள் அந்நாள்வரை ஐயத்திற்கிடமாயிருந்தது என்பதை எழுதாமலே மதிப்பெண் பெற்றவரே. இருவேமும் ஒரே பிழையை இருவேறு மொழியிற் செய்தோம்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கட்கும் உடன் பயில்வார்க்கும் யாம் தாழ்மையாய் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. பாடங் கூறுமிடத்து அறிந்தவற்றோடு அறியாதவற்றையும் கூறுக. ‘இதன் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை’ என்று ஒரு வரி பாடப் புத்தகத்தில் இருந்தால், அவ்வரியைப் படிக்கும் நூறு மாணவருள் ஒருவனுக்கேனும் உறக்கம் கெடும். அவ்வுறக்கம் கெட்டவர் சிலர் இருந்தமையாலேயே 2017-ஆம் ஆண்டும் 2022-ஆம் ஆண்டும் நமக்குக் கிடைத்தன. பிறதுறை மாணவரோடு விடுதித் தாழ்வாரத்தில் உரையாடுவதை வீண் பொழுதென எண்ணாமல், ‘இப்பெயர் இடுகுறியோ, காரணமோ?’ என்னும் எளிய வினாவை ஒருவரையொருவர் அடிக்கடி கேட்போமாக.

எம் நண்பர் இன்னும் தம் கொள்கையை முற்றும் விட்டாரல்லர். ஆயினும் சென்ற வாரம் அவர் கையேட்டைப் புரட்டியபொழுது, பிஸ்மத் சப்சாலிஸிலேட் என்னும் பெயருக்கெதிரே, ‘அடுக்கமைப்பு, 2022, அதற்கு முன் ஐயம்’ என்று அவர் எழுதி வைத்திருக்கக் கண்டோம். அதன் கீழே, ‘வயிற்றில் இது சிதையும் வகை?’ என ஒரு வினாவும் இருந்தது. எம் வாதத்திற்கு அவ்வினாவே போதிய வெற்றியாகும்.